பாஞ்சாலி வாயில் நிற்காத நூல்

நீலசந்திராவில் பாஞ்சாலியிடம் புருவம் எடுத்துக்கொள்ளாத பெண் ஒருத்தி இருந்தால், அவள் நேற்றுதான் குடிவந்தவளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குப் புருவமே இருக்கக் கூடாது. இருபத்தாறு வருஷமாக அவள் எடுத்த புருவங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி வரிசையாகப் படுக்கவைத்தால், அந்த வரிசை இங்கே கிளம்பி ஆனேக்கல் போய்ச் சேர்ந்து, அங்கே ஓசூர் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும். ஒரு தடவை கல்யாணப் பெண் ஒருத்தி ஒற்றைப் புருவத்தோடு மண்டபத்துக்குக் கிளம்பிவிட்டாள், நேரமாகிவிட்டது என்று. பாஞ்சாலியும் கூடவே பஸ் ஏறினாள். சிவாஜிநகர் போவதற்குள், ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே மற்றப் புருவத்தை முடித்தாள். வழியில் பதினோரு பள்ளம். பதினோரு தடவையும் பெண் கண்ணை மூடிக்கொண்டாள், கண்டக்டர் மூடிக்கொண்டார், பின்சீட்டுக் கிழவர் மூடிக்கொண்டார். பாஞ்சாலி மட்டும் மூடவில்லை. புருவம் இறங்கியபோது வில் மாதிரி இருந்தது. நம்பாதவர்கள் அந்தக் கண்டக்டரைக் கேட்கலாம், அவர் இப்போது ரிட்டயர் ஆகி இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். நூலின் ஒரு முனை பல்லில். நடுவில் ஒரு முறுக்கு. மற்ற முனை ஒரு கையில், முறுக்கின் வளையம் இன்னொரு கையில். கைகள் விரிந்து சுருங்கும்போது முறுக்கு ஓடி மயிரைக் கவ்விக்கொண்டு வரும். பார்ப்பவர்கள் எல்லாரும் கையைத்தான் பார்ப்பார்கள். உண்மையான வேலை வாயில் இருக்கிறது. பல் கடித்தால் மட்டும் போதாது, மேலே உதடு இறுக்கி மூட வேண்டும். மூடாவிட்டால் எச்சில் நூலில் இறங்கும், நூல் நனையும், நனைந்த நூல் வழுக்கும். இருபத்தாறு வருஷம் இப்படி இறுக்கி மூடிய உதட்டுக்கு மேலே என்ன ஆகும்? கோடு விழும். பாஞ்சாலிக்கு மேலுதட்டில் ஏழு, கீழே நாலு. அதற்கு அவளே வைத்த பெயர் நூல்கோடு. அரசாங்க ஆபீஸில் லிப்ட் இயக்குகிற வேலை பார்க்கும் அவள் புருஷன் அசோகனுக்கு ஆள்காட்டி விரலில் காய்ப்பு இருக்கிறது இல்லையா, அதுபோல என்றுதான் நாற்பத்தொன்பது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

பாஞ்சாலி வேலை பார்த்த பார்லரைப் பழைய முதலாளியம்மா விற்றுவிட்டுப் போனபோது தீபிகா வாங்கினாள். முப்பது வயதுப் பெண், சேலத்துப் பக்கம், ஐ.டி. கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவள். கண்ணாடிக் கதவு போட்டாள், ஏ.சி. போட்டாள், கடைக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்தாள். அந்தப் பெயர் யாருக்கும் நுழையவில்லை, எல்லாரும் பாஞ்சாலி கடை என்றே சொன்னார்கள். தீபிகாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். ஆனால் வாடிக்கையெல்லாம் பாஞ்சாலி பின்னால் வருகிறது என்பதால் அக்கா, அக்கா என்று தேனாகத்தான் இருந்தாள்.

ஒருநாள் கல்யாணப் பெண்ணின் தாயார் ஒருத்தி வந்தாள். பாஞ்சாலி நூலைக் கடித்துக்கொண்டு குனிந்தபோது, கண்ணாடியில் பார்த்தபடியே தீபிகாவிடம் சொன்னாள்.

"இளமையா ஆக்கறோம்னு வெளியில போர்டு. உங்க ஆளுக்கே வாயைச் சுத்திப் பாவாடை நாடாவை இழுத்துக் கட்டின மாதிரி இருக்கே."

வாயில் நூல் இருந்ததால் பாஞ்சாலியால் பதில் சொல்ல முடியவில்லை. அது அந்தத் தாயாரின் நல்ல காலம். ஆனால் அன்று வீட்டுக்குப் போய் அவள் கண்ணாடியில் வெகுநேரம் உதட்டைக் குவித்துப் பார்த்தாள். பாவாடை நாடாதான். அதற்கு முன்னால் ஒரு நாளும் அப்படித் தெரிந்ததில்லை, அதற்கப்புறம் ஒரு நாளும் வேறு மாதிரித் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையில் சுருக்கத்தைப் போக்குகிற ஊசி முகாம். அஷ்வின் என்று ஒருவன் வந்தான். சிவாஜிநகரில் மீன் வாங்கிப் போவார்களே, அந்த மாதிரி ஒரு தெர்மோகோல் பெட்டி, உள்ளே ஐஸ், ஐஸில் சின்னச் சின்னப் புட்டிகள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தான். இஸ்திரி போட்ட அந்தக் கோட்டின் மடிப்பு ஒன்றுதான் அன்றைக்கு அந்த அறையில் ஊசி போடாமல் விட்ட மடிப்பு. தீபிகா அவனை டாக்டர் என்று கூப்பிட்டாள். அவனும் அதை மறுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் சோபாவில் உட்கார்ந்து ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள், யார் முதலில் என்று.

தீபிகா பாஞ்சாலியை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள், "அக்கா, உங்களுக்கு ஃப்ரீ. நீங்க உக்காந்தா மத்தவங்க தானா உக்காருவாங்க."

பாஞ்சாலி உட்கார்ந்தாள். பிற்பாடு அவளுக்கு அஷ்வின் மேல் வந்த கோபம், தீபிகா மேல் வந்த கோபம் எல்லாவற்றையும் தராசில் ஒரு தட்டில் வைத்து, இந்த உட்கார்ந்ததற்காகத் தன்மேல் வந்த கோபத்தை மற்றத் தட்டில் வைத்தால் எது தாழும் என்று சொல்வது கஷ்டம்.

ஒரு காகிதத்தில் கையெழுத்து கேட்டான். இரண்டு பக்கம், பூராவும் இங்கிலீஷ், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அவள் தமிழில் போட்டாள். உதட்டைச் சுற்றி ஆறு குத்து. எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. பத்து நிமிஷத்தில் முடிந்தது. அவன் ஒற்றிக்கொள்ளப் பனிக்கட்டியை நீட்டிவிட்டு போனை எடுத்துக்கொண்டான்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. அதை இந்தத் தொழிலில் இருக்கிறவளைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

பார்லர் வேலையில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். நாற்காலியில் உட்கார்ந்தவளைக் கடைசி மசாஜ் இல்லாமல் எழுப்பக் கூடாது. புருவம் எடுத்தாலும் சரி, மேலுதடு எடுத்தாலும் சரி, ஃபேஷியல் என்றால் கேட்கவே வேண்டாம். சிவந்த இடத்தை ஒரு பொட்டு கிரீமால் நீவி, அழுத்தி, வாயோரத்திலிருந்து காதுவரை தூக்கிவிட்டால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். பாஞ்சாலி எழுந்தாள், வழக்கம்போல அலமாரியில் இருந்து கிரீமை எடுத்தாள், கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் முகத்துக்குத் தானே கடைசி மசாஜ் போட்டாள். உதட்டைச் சுற்றி வட்டமாக, கட்டை விரலால் அழுத்தி, நாற்பது தடவை. அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. தீபிகா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அஷ்வின் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டான். மற்றப் பெண்களுக்குக் கூட்டத்தில் மசாஜ் போட ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அவர்கள் ஐஸை ஒற்றிக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் உள்ளே நிற்கவில்லை. வலது பக்கமாக வழிந்து ரவிக்கையை நனைத்தது. புதன்கிழமை காபி வழிந்தது. வியாழக்கிழமை தன் பெயரைச் சொன்னால் முதலெழுத்து காற்றாகப் போயிற்று. ப வரவில்லை, ம வரவில்லை. உதடு ஒட்டினால்தானே வரும். சிரித்தால் இடது பக்கம் மட்டும் சிரித்தது, வலது பக்கம் துக்கம் விசாரிக்கப் போன மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை சிந்து வந்தாள். பத்தாம் வகுப்பிலிருந்து பாஞ்சாலியிடம்தான் புருவம் எடுத்துக்கொள்கிற பெண், பக்கத்துத் தெரு, கால் சென்டரில் வேலை. ஐந்து வாரத்தில் கல்யாணம். பாஞ்சாலி நூலைக் கடித்தாள். கடித்தது நின்றது, உதடு மூடவில்லை. இரண்டு இழுப்பு இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் நூல் ஈரமாகி வழுக்கியது. அவள் தலையை நிமிர்த்துவதற்குள் ஒரு சொட்டு சிந்துவின் நெற்றியில், சரியாகப் பொட்டு வைக்கிற இடத்தில் விழுந்தது.

சிந்து நல்ல பெண். கண்ணைத் திறக்காமல், "ஏ.சி. தண்ணி சொட்டுது போல ஆன்ட்டி" என்றாள்.

ஏ.சி. எதிர்ச் சுவரில் இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பாஞ்சாலி ஒரு புருவத்தை நடுவில் விட்டுவிட்டு எழுந்தாள். மீதியை இன்னொரு பெண் முடித்தாள். எப்படி முடித்தாள் என்பதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

தீபிகா என்ன சொன்னாள் தெரியுமா? அன்றைக்கு ஊசி போட்ட மற்றவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்களாம், இவளுக்கு மட்டும்தான் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லையாம். சரியாகிற வரைக்கும் பெடிக்யூர் பக்கம் உட்காரட்டும், கஸ்டமரோடு பேச வேண்டாம். பாஞ்சாலி ஐந்து நாள் மற்றவர்கள் பாதத்தைக் கழுவினாள். அடி பாதத்தைத் தேய்க்கிற கல்லை அவள் தேய்த்த தேய்ப்பில், அந்த வாரம் வந்த பெண்கள் கால் ஒரு நம்பர் குறைந்து புதுச் செருப்பு வாங்க வேண்டியதாயிற்று.

வீட்டில் அசோகனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு பேரும் புத்தரைக் கும்பிடுகிறவர்கள், அசோகனின் அப்பா காலத்திலிருந்தே. சுவரில் இருக்கிற புத்தர் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சை விட்டுப் பார், கோபம் அடங்கும் என்று சொல்லிப் பார்த்தான்.

"அவரு புருவம் எடுத்துப் பொழைக்கலையே" என்றாள் பாஞ்சாலி.

அவன் அதற்கப்புறம் அந்த வழிக்குப் போகவில்லை. மறுநாள் லீவு போட்டு அவளை அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே டாக்டர் வேதநாயகி என்று ஒரு அம்மா. அறுபதை நெருங்குகிறவர், முகத்தில் நிறையக் கோடுகள், அதை மறைக்கிற உத்தேசமே இல்லாதவர். பாஞ்சாலிக்கு அதைப் பார்த்ததுமே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

டாக்டர் உதட்டைக் குவிக்கச் சொன்னார், ஊதச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். விழுங்குவதற்குக் கஷ்டமா, மூச்சு முட்டுகிறதா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை. அப்படி ஏதாவது வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அந்த நிமிஷமே அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும் என்றார். என்ன மருந்து என்று கேட்டார். தெரியாது. புட்டியில் லேபிள் இருந்ததா? பார்க்கவில்லை. போட்டவர் யார்? கோட்டு போட்டிருந்தார். எவ்வளவு அளவு? தெரியாது. ஒவ்வொரு தெரியாதுக்கும் பாஞ்சாலி நாற்காலியில் ஒரு அங்குலம் கீழே போனாள்.

கடைசியாக டாக்டர் கேட்டார், "ஊசி போட்டப்புறம் முகத்தைத் தேச்சீங்களா?"

பாஞ்சாலி சொன்னாள். எப்படித் தேய்த்தாள் என்று கையாலேயே காற்றில் காட்டினாள், வட்டமாக, கட்டை விரலால் அழுத்தி, வாயோரத்திலிருந்து காதுவரை. டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

இந்த மருந்து தசையைத் தூங்கவைக்கிற மருந்து, விட்ட இடத்தில் இருக்கும்வரைக்கும்தான் அது நாம் நினைத்த வேலையைச் செய்யும் என்று விளக்கினார். அன்றைக்குப் பூராவும் அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது. தேய்த்தால் பக்கத்துத் தசைக்குப் பரவி அதையும் தூங்கவைத்துவிடலாம். அளவு கூடிப்போயிருந்தாலும் இப்படி ஆகலாம். இரண்டும் சேர்ந்திருக்கலாம், புட்டியில் என்ன இருந்தது என்று தெரியாமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலேயே கண் துடிக்கிறவர்களுக்கும் கழுத்து இழுத்துக்கொள்கிறவர்களுக்கும் இதே மருந்தைத் தாங்கள் போடுவதுண்டு என்றார். போடுகிற கைக்குத் தசை தெரிந்திருக்க வேண்டும், பிள்ளைத்தாய்ச்சியா, நரம்பு நோய் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும், புட்டி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும், அப்புறம் என்ன செய்யக் கூடாது என்று நோயாளிக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும்.

"இதை முறிக்க மருந்து இல்லையா டாக்டரம்மா?"

"விட்டதைத் திருப்பி எடுக்க முடியாது. மூணு மாசம், நாலு மாசம். தானா முழிச்சுக்கும். காத்திருக்கணும்."

பாஞ்சாலி தன் கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகள் மேல் அவளுக்கு எப்போதுமே ஒரு கர்வம் உண்டு. இப்போது அவைதான் நாற்பது தடவை வட்டம் போட்டுத் தன் பிழைப்பைத் தூங்கவைத்தன என்று தெரிந்ததும் அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். தேய்த்தது அவள்தான். ஆனால் தேய்க்கும்போது இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அவள் கேட்டாள், இந்தக் கோடுகளுக்கு ஊசியை விட்டால் வேறு என்ன வழி என்று. டாக்டர் ஒரு சீட்டில் எழுதினார். காலையில் வெயிலுக்குப் போகுமுன் சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளம், தாராளமாக. முகம் காயாமல் ஈரம் காக்கிற ஒரு சாதா கிரீம். ராத்திரிக்கு வைட்டமின் ஏ வகைக் கிரீம் ஒன்று, முகம் பூராவுக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு, முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். கண்ணோரம், உதட்டோரம் வேண்டாம். முதலில் கொஞ்சம் சிவக்கும், உரியும், பயப்பட வேண்டாம், மிஞ்சினால் நிறுத்திவிட்டு வரவேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகள் தொடவே கூடாது. கடையில் லேபிள் இல்லாமல் டப்பாவில் போட்டுக் கொடுக்கிற வெள்ளையாக்கும் கிரீமும் ஊசிக்கு அண்ணன்தான், அதையும் தொடக் கூடாது.

இதில் ஒரு விஷயம் பாஞ்சாலிக்கு டாக்டருக்கு முன்னாலேயே தெரியும். அந்த ராத்திரிக் கிரீம் போடுகிற முகத்தில் நூலோ வேக்ஸோ வைத்தால் தோல் சேர்ந்து வந்துவிடும். அதனால் நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருத்தியையும், ராத்திரி முகத்துக்கு என்ன போடுகிறாய் என்று கேட்காமல் அவள் நூலை எடுத்ததே இல்லை. ஆமாம் என்றால், நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து வா என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

"இதைப் போட்டா கோடு போயிடுமா?" என்று கேட்டாள்.

"போகாது. கொஞ்சம் இளகும். அதுக்கே நாலஞ்சு மாசம் ஆகும். இதுக்கு மேல சொல்றவங்க பொய் சொல்றாங்க."

இருபத்தாறு வருஷமாக அழகு விற்கிற இடத்தில் இருந்தவள் பாஞ்சாலி. இவ்வளவு குறைவாக வாக்குக் கொடுத்த ஒரு ஆளை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தாள். சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கடிதம் ஒன்றும் எழுதிக் கொடுத்தார் டாக்டர், சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுப்பதற்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கடைக்கு வந்தபோது கண்ணாடிக் கதவில் புதிதாக ஒரு போஸ்டர். இரண்டாவது முகாம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் கல்யாணப் பெண்களுக்கான சலுகை: சுருக்க ஊசி, உடனே ஃபேஷியல், முழு மசாஜோடு. போன தடவை கூட்டத்தில் மசாஜ் விட்டுப்போனதாக வாடிக்கையாளர்கள் குறைப்பட்டார்களாம். தீபிகா சட்டத்தைச் சரிசெய்துவிட்டாள்.

உள்ளே சோபா நிறையப் பெண்கள். நாற்காலியில் முதல் ஆளாக, கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டி, சிந்து. இருபத்தாறு வயது. அந்த முகத்தில் சுருக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பூதக்கண்ணாடியோடு போலீஸ் நாயும் வேண்டும். சிரித்தால் வாயோரம் ஒரு மடிப்பு விழுகிறது, போட்டோவில் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அஷ்வின் புட்டியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

தீபிகா கண்ணாலேயே பெடிக்யூர் பக்கம் காட்டினாள். பாஞ்சாலி அந்தப் பக்கம் போகவில்லை. சிந்துவின் நாற்காலிக்கும் அஷ்வினுக்கும் நடுவில் போய் நின்றாள். பேசினால் ப-வும் ம-வும் காற்றாகப் போகும் என்று அவளுக்குத் தெரியும், வலது ஓரம் வழியும் என்றும் தெரியும். ஒரு கைக்குட்டையை வாயோரத்தில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் புட்டியில் இருக்கிற மருந்தின் பெயரைப் படித்துக் காட்டச் சொன்னாள். அவன் சிரித்தான். லேபிள் ஐஸில் ஊறி வந்துவிட்டது, ஒரிஜினல்தான் என்றான். எந்தக் காலேஜில் டாக்டருக்குப் படித்தாய் என்று கேட்டாள். இரண்டு நாள் டிரெயினிங், சர்டிபிகேட் இருக்கிறது, ஃப்ரேம் போட்டு வைத்திருக்கிறேன் என்றான். அதற்கு முன்னால் பார்லர்களுக்கு ஹேர் டிரையர் விற்றுக்கொண்டிருந்தவன் என்பது இரண்டு கேள்வி தள்ளி வெளியே வந்தது. சோபாவில் ஒருத்தி கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"போட்டதுக்கப்புறம் என்ன செய்யக் கூடாது? இவளுக்குச் சொல்லு. இப்பச் சொல்லு."

"ஃபார்ம்ல எல்லாம் இருக்கு ஆன்ட்டி. ரப் மாடக் கூடாதுன்னு கிளியரா இருக்கு. நீங்கதானே சைன் பண்ணீங்க?"

பாதி கன்னடத்தில் என்றாலும், தேய்க்கக் கூடாது என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது. எல்லார் கண்ணும் கதவில் இருந்த போஸ்டருக்குப் போய், முழு மசாஜோடு என்ற எழுத்தில் நின்றது. தீபிகா முகத்தில் ரத்தம் இல்லை. அவளுக்கும் அது அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது போலிருந்தது. பாஞ்சாலிக்கு அதனால் கோபம் குறையவில்லை, கூடிற்று. தெரியாமலே ஒரு கடையில் ஊசியைக் கொண்டுவந்து வைக்கிறவளை என்ன சொல்வது?

பாஞ்சாலி கைக்குட்டையை எடுத்தாள். கோணின வாய் எல்லாருக்கும் தெரிந்தது.

"நூலால எடுக்கற ஒரு புருவத்துக்கு நான் சொல்லி அனுப்பறேன். இன்னிக்கு சோப்பு போடாதே, வெயில்ல நிக்காதே, கத்தாழை தடவுன்னு. அவ கேக்கலன்னாலும் சொல்றேன், அவசரமா ஓடினா கதவு வரைக்கும் போய்ச் சொல்றேன். நீ ஊசி குத்திட்டு ஒரு வார்த்தை சொல்லல. நான் உன் கண்ணு முன்னாலதான் தேச்சேன். நாப்பது தடவை. தலையைத் தூக்கிப் பாத்துட்டு, போனைப் பாத்தே."

பாஞ்சாலி சோபா பக்கம் திரும்பி, போன தடவை தான் உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் பல பேர் உட்கார்ந்தார்கள், அது தன் தப்பு, இன்றைக்குத் தான் நிற்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் மோவாயெல்லாம் வழிந்துவிட்டது. அவள் துடைக்கவில்லை. அதையும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சிந்து கழுத்துத் துண்டை அவிழ்த்தாள். எழுந்து, அந்தத் துண்டாலேயே பாஞ்சாலியின் மோவாயைத் துடைத்தாள்.

"புருவம் நீங்கதான் எடுக்கணும் ஆன்ட்டி. கல்யாணத்துக்குப் புதர் மாதிரி இருந்தாலும் பரவாயில்ல, காத்திருக்கேன்" என்றாள்.

ஒருத்தி பின் ஒருத்தியாகச் சோபா காலியாயிற்று. ஐஸ் பெட்டியில் ஐஸ் உருகித் தரையெல்லாம் தண்ணீர். தீபிகா, நாளையிலிருந்து வர வேண்டாம் அக்கா என்றாள். சொல்லும்போது குரல் அவளுக்கே கேட்கவில்லை. பாஞ்சாலி அலமாரியில் இருந்த தன் நூல்கண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கிரீமை எடுக்கவில்லை. அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

புகார் கொடுத்தாள். விசாரிக்க ஆள் வந்தபோது அஷ்வினும் இல்லை, பெட்டியும் இல்லை. ஆனேக்கல் பக்கம் பெட்டியோடு பார்த்ததாக ஒருத்தி சொன்னாள், ஓசூர் பஸ்ஸில் ஏறினான் என்றாள் இன்னொருத்தி. பாஞ்சாலி புகாரின் நகலை மாதம் ஒருமுறை எடுத்துக்கொண்டு போய் என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவள் போகிற நாளில் அந்த அலுவலகத்தில் பாதிப்பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்று பேச்சு. மீதிப்பேருக்கு அவள் சன்ஸ்கிரீன் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டின் முன்னறையில் ஒரு நாற்காலியும் ஒரு கண்ணாடியும் போட்டாள். நாற்காலி காலியாகவே கிடந்தது, ஏனென்றால் வாய் இன்னும் விழிக்கவில்லை. தினமும் காலை காபிக்கு அப்புறம் பரீட்சை. பரீட்சைக்கு அசோகனின் கை. அவன் கையில் இருக்கிற மயிரைப் பார்த்தால், குளிர்காலத்தில் அவனுக்கு அரசாங்கம் ஏன் கம்பளி கொடுப்பதில்லை என்பது புரியும். சட்டைக் கையை மடித்து நீட்டுவான். அவள் நூலைக் கடிப்பாள், உதட்டை மூடப் பார்ப்பாள். வழியும், வழுக்கும், ஒரு மயிரும் வராது. கைக்குட்டையால் அவன் கையைத் துடைத்துவிட்டு எழுந்து போவாள். அன்று பூராவும் பாத்திரங்கள் சத்தமாக இருக்கும்.

இரண்டாம் மாதம் ஒருநாள் அசோகன் அவளைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து ஆ என்று கத்தினான். அவள் ஆவலோடு நூலைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. கையைப் பார்த்தாள். எல்லாம் போட்டது போட்டபடி.

"பொய் சொல்றவன் அந்தக் கடையில ஒருத்தன் இருந்தான்யா. வீட்லயும் ஒருத்தனா?"

அவன் இனிமேல் வாயைத் திறப்பதில்லை என்று புத்தர் படத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தான்.

சிந்துவின் கல்யாணம் புதர்ப் புருவத்தோடேயே நடந்தது. பாஞ்சாலி முன்வரிசையில் உட்கார்ந்து கோணச் சிரிப்புச் சிரித்தாள். அந்தப் புருவத்தைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இதுதான் இப்போது ஃபேஷன் போலிருக்கிறது என்று நினைத்து, ஆறு மாதம் புருவத்தைத் தொடாமல் இருந்ததாகக் கேள்வி. டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பாஞ்சாலி விடாமல் போட்டாள். காலையில் இரண்டு விரல், ராத்திரியில் பட்டாணி. சன்ஸ்கிரீனை அசோகன் திருட்டுத்தனமாக முகம் வெளுக்கப் பூசிக்கொண்டு வேலைக்குப் போய், லிப்டில் ஏறியவர்கள் எல்லாம் சாருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்ட கதை தனி. நெற்றிக் கோடு கொஞ்சம் இளகிற்று. கண்ணோரத்து வெயில்கறுப்பு மங்கிற்று. உதட்டைச் சுற்றி அவள் எதையும் பூசவில்லை. டாக்டர் வேண்டாம் என்றது ஒரு காரணம். இன்னொன்று, ஊசி தூங்கவைத்த நாளிலிருந்து அந்த இடம் வழவழவென்று, ஒரு கோடு இல்லாமல், வேறு யாருடைய உதடோ மாதிரி இருந்தது. அந்த வழவழப்பைக் கண்ணாடியில் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உடம்பு எரிந்தது.

நாலாம் மாதம் முடிகிற வாரம். காபி ஆயிற்று. அசோகன் கையை நீட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான், பரீட்சை அவனுக்குப் பழகிவிட்டது. பாஞ்சாலி நூலைக் கடித்தாள். உதட்டை மூடினாள். இழுத்தாள். அவன் ஒரு சத்தமும் போடவில்லை. இன்னொரு இழுப்பு. சத்தம் இல்லை. இன்றைக்கும் இல்லை என்று நூலை வாயிலிருந்து எடுத்தவள், எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நூல் காய்ந்து இருந்தது. முறுக்கில் கறுப்பாக வரிசையாக மயிர், வேரோடு.

நிமிர்ந்து பார்த்தாள். அசோகன் இன்னும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, இரண்டு கண்ணிலும் தண்ணீர் கட்டி, ஒரு சொட்டு மூக்கோரமாக இறங்கிக்கொண்டிருந்தது. சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

"கத்தித் தொலைக்க வேண்டியதுதானேயா" என்றாள் பாஞ்சாலி.

ப இல்லாத வாக்கியம்தான். ஆனாலும் திட்டிவிட்டு உதட்டை இறுக்கி மூடியபோது, எதிர்க் கண்ணாடியில் மேலுதட்டின் மேல் மெல்லிசாக ஒரு கோடு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவள் ஒன்று, இரண்டு என்று விரல்விட்டு எண்ணினாள். அப்புறம் அவனுடைய மற்றக் கையை இழுத்துச் சட்டையை மடித்தாள்.